கல்லை வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்

1

ஒட்டகச்சிவிங்கிக்கு நான்கு பக்கம். கல்லுக்கு மூன்று வரி.

என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம். அறுநூறு வருடத்துக்கு முன்னர் சீனாக்காரர் பெரிய மரக்கப்பல்களில் கடல் கடலாகப் போன கதை. பக்கத்துக்குப் பக்கம் படம். முதல் படத்தில் சீனக் கப்பல் ஒரு தெரு நீளத்துக்கு நிற்கிறது. அமெரிக்காவுக்குப் போன இத்தாலிக்காரனுடைய கப்பலை அதற்குப் பக்கத்தில் சின்னனாகக் கீறியிருக்கிறார்கள், பிள்ளைகள் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று. பிறகு ஆபிரிக்காவிலிருந்து ஒரு ஒட்டகச்சிவிங்கி சீனாவுக்குப் போகிறது. அது கப்பலில் நிற்கிற படம், புல்லுத் தின்கிற படம், அரசன் அதைப் பார்க்கிற படம். கடைசிப் பக்கத்தில் உரித்து ஒட்டுகிற படமும் அதுதான்.

இலங்கை ஒரு சின்னப் பெட்டிக்குள் வருகிறது. கப்பல்களின் தலைவர் அங்கே ஒரு கல்லை நிறுத்தினாராம். அதில் மூன்று மொழி. சீனம், பாரசீகம், ஒரு உள்ளூர் மொழி.

அவ்வளவுதான்.

நான் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து இந்த மாதம் பதினைந்து வருடம். முல்லைத்தீவுப் பக்கம் கடற்தொழில் செய்த ஆள். இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டிக் கழுவுகிறேன். வீடு பிரான்காச்சோவில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். இந்தப் பதினைந்து வருடத்தில் நான் எழுதுகிற நீளமான விசயம் இதுதான். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் பிழை கண்டால் பொறுக்கவேண்டும். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறது.

திங்கட்கிழமை எனக்கு லீவு. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் ஆரணி மேசையில் இருந்து இத்தாலியனில் வாசித்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடற்பயணத்தைப் பற்றிக் கதைக்கவேண்டுமாம். இவளுக்குச் சீனா விழுந்தது.

"உள்ளூர் மொழியோ? அதென்ன மொழி?"

"போடேல்லை அப்பா."

"போனிலை பார்."

பார்த்தாள்.

"தமிழாம்."

"என்ன?"

"தமிழ் அப்பா. எங்கடை தமிழ்."

கத்தியைக் கீழே வைத்தேன். சீனத்து அரசன் தன் ஆட்களிடம் சொல்லி, தமிழில் வெட்டி, கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது அங்கே தமிழ் வாசிக்கிற சனம் இருக்கிறது என்று. புத்தகம் எழுதினவருக்குத் தெரியவில்லை.

"பாரசீகத்துக்குப் பேர் போட்டிருக்கினம். எங்களுக்கு மட்டும் பேர் இல்லையோ? நாளைக்குப் போய் உன்ரை ரீச்சரிட்டைச் சொல்லு. அது தமிழ் எண்டு சொல்லு. என்ரை அப்பா வாசிப்பார் எண்டு சொல்லு."

அந்தக் கடைசி வசனம் தேவையில்லாதது. என் மனிசி அடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கல்லைக் கண்டனீங்களோ?"

"தமிழ்தானே. வாசிக்கிறதுக்கு என்ன?"

அவள் சட்டியை மூடினாள்.

2

அடுத்த நாள் பிள்ளையின் கொப்பியில் ஒரு துண்டு ஒட்டி வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆரணியின் தகப்பனார் வகுப்புக்கு வந்து அந்தக் கல்வெட்டைத் தன் மொழியில் சத்தமாக வாசித்துக் காட்டுவார், சம்மதம் என்றால் கையெழுத்து.

கையெழுத்து வைத்தேன். இந்த நாட்டில் கையெழுத்துக் கேட்டால் வைப்பதுதான் என் பழக்கம். வைத்த பிறகுதான் என்ன என்று கேட்பேன்.

கல்லின் படத்தை ஆரணி ஒரு பெரிய தாளில் அடித்துக்கொண்டு வந்தாள். கறுத்தக் கல். தலையில் இரண்டு நாகம், சீனப் படங்களில் வருகிற கால் முளைத்த நாகம். வலது பக்கம் சீனம். தமிழ் ஒரு பக்கத்தில். வெளிச்சத்தில் பிடித்தேன். தள்ளிப் பிடித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன்.

எங்கள் எழுத்துத்தான். ஆனால் ஆளைத் தெரிகிறது, பேர் வருகிறதில்லை. ஒரு பானா மாதிரி ஒன்று. ஒரு னானா மாதிரி ஒன்று. குற்று இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாதி தேய்ந்து போய்க் கிடக்கிறது.

"வாசியுங்கோ" என்றாள் ஆரணி. போனை நீட்டி என் குரலைப் பிடிக்க நின்றாள்.

"பிறகு வாசிக்கிறன். இப்ப வேலைக்கு நேரம்."

பஸ்ஸில் இருந்து யோசித்தேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் சீனத்துக் கப்பல் வந்ததாக ஞாபகமே இல்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாகப் பாடமாக்கச் சொன்னார்கள். ஒல்லாந்தரில் நிற்கும்போது செல்லடி தொடங்கி இடம்பெயர்ந்தோம். ஆங்கிலேயர் வருமுன்னரே நாங்கள் ஓடிவிட்டோம். அதோடு என் படிப்பு சரி.

என் பிள்ளைக்கு நூல்நிலையம் இருக்கிறது, படம் போட்ட புத்தகம் இருக்கிறது, போன் இருக்கிறது. அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். அதை நான் சொல்லிக்கொடுப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

3

புதன்கிழமை வேலைக்குப் போகமுதல் கபோ சந்தைக்குப் போனேன். மரக்கறிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் சபேசன் அண்ணை கறித்தூளும் கருவாடும் விற்கிறார். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறார்.

படத்தைக் கொடுத்தேன். மூக்கில் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது காலியிலை எடுத்த கல்லடாப்பா. கொழும்பு மியூசியத்திலை நிக்குது. ஒரு வாய்க்காலுக்கு மூடியாய்க் கிடந்ததாம். சனம் மேலாலை நடந்து திரிஞ்சதாம்."

"அது கிடக்கட்டும் அண்ணை. வாசியுங்கோ."

"சீன அரசன் பொன் வெள்ளி பட்டு எண்ணெய் எல்லாம் அனுப்பியிருக்கிறான். தமிழ்ப் பக்கத்திலை தென்கரைக் கோயில் சாமிக்கு. சீனப் பக்கத்திலை புத்தருக்கு. மற்றப் பக்கத்திலை அல்லாவுக்கு. ஆளாளுக்கு அவரவர் கடவுள். விண்ணன் அவன், கெட்டிக்காரன்."

"கருத்து எனக்கும் தெரியும். பிள்ளை போனிலை எடுத்துத் தந்தவள். இதை வாசிக்கோணும். சத்தமாய்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலாது."

"நீங்கள் வாத்தியார்."

"நான் கணக்கு வாத்தி. இதுக்குக் கல்லெழுத்துப் படிச்ச ஆள் வேணும். ஆர் உன்னை வாசிக்கிறன் எண்டு சொல்லச் சொன்னது?"

"வாய்."

"உன்ரை பெட்டை என்ரை வகுப்புக்கு வந்தவள்தானே? எப்ப நிப்பாட்டினனி?"

"ஒன்பது வயசிலை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு நேர வேலை. கொண்டுவந்து விட ஆள் இல்லை."

"இப்ப சீனாக்காரனோடை சண்டைக்குப் போறாய்."

"புத்தகக்காரனோடை அண்ணை."

"ஆரோடையெண்டாலும். போய் உண்மையைச் சொல்லு. தெரியாது எண்டு சொல்லு. அதிலை என்ன வெக்கம்?"

அவருக்கு வெட்கம் இல்லை. அவருடைய பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. சும்மா போகக்கூடாது என்று அரைக் கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று வேலை முடிந்து வந்தபோது ஆரணி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஏன் அவங்கள் துறைமுகங்களிலை மாசக்கணக்காய் நிண்டவங்கள்? புத்தகத்திலை பரிசு மாத்தினது எண்டு போட்டிருக்கு."

"பரிசு மாத்த ஒரு நாள் காணும். காத்துக்கு நிண்டிருப்பாங்கள். வடக்காலை வாற வாடையிலை வந்து தெற்காலை வாற சோழகத்திலை திரும்பிறது. சோழகம் எழும்பும்வரைக்கும் பாய்க்கப்பல் என்ன செய்யும்? நிக்கும்."

எழுதினாள். எனக்குத் தெரிந்ததைக் கேட்டாள், சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டாள்:

"இதைச் சமாதானக் கப்பல் எண்டு போட்டிருக்கு. ஆனா போனிலை பாத்தன், இலங்கையிலை சண்டை பிடிச்சு ஒரு ராசாவைச் சீனாவுக்குக் கொண்டு போனவங்களாம். எது சரி?"

"சமாதானத்துக்கு வந்தனாங்கள் எண்டு சொன்ன கனபேரை நாங்கள் கண்டிருக்கிறம். இரண்டையும் எழுது."

"அப்ப கல்லு? வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"நாளைக்கு."

"நாளைக்குத்தான் அப்பா வகுப்பு."

அவளுக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். படத்தை மடித்து, நான் பத்திரங்கள் வைத்திருக்கிற பேப்பர்ப் பையில் வைத்தாள். காலையில் மறந்துபோய்விடுவேன் என்று.

4

அந்தப் பேப்பர்ப் பை வேறு ஒரு விசயத்துக்கு ஆயத்தமாக இருந்தது. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கிற நாள் அதே வியாழக்கிழமை. எட்டு நாற்பதுக்குப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லித் துண்டு. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நேரம். மாற்றினால் இன்னும் மாதக்கணக்கு. பத்து மணிக்கு முடியும், பதினொன்றுக்குப் பள்ளிக்கூடம், கணக்குச் சரி என்று நினைத்தேன்.

அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். எட்டு நாற்பது என்றால் எட்டு நாற்பதுக்கு நிற்கத் தொடங்கலாம் என்று அர்த்தம். ஒருவருடைய குழந்தை அழுதது. ஒருவர் படம் கொண்டுவரவில்லை, எடுக்க ஓடினார். பத்து மணி. பத்தரை. என் இலக்கம் வந்தது.

கண்ணாடிக்குக் கீழால் பேப்பர்க் கட்டை அப்படியே தள்ளினேன். உள்ளே இருந்தவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வேலை ஒப்பந்தம். வீட்டு ஒப்பந்தம். கடவுச்சீட்டு. பிறகு பெரிய தாளை விரித்தார். விரிக்க விரிக்க வந்தது.

"இது என்ன?"

"கல்லு."

"எந்தக் கல்லு?"

"எங்கள் நாட்டுக் கல்லு. சீனாக்காரர் வைத்தது. மகளின் பள்ளிக்கூடத்துக்கு."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். தமிழ் இருக்கிற இடத்தில் பேனையை வைத்தார்.

"இது உங்கள் எழுத்தா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு, "சி."

"இந்தச் சொல் என்ன?"

"தெரியாது."

"வாசிக்கத் தெரியாதா?"

"இதை வாசிக்கத் தெரியாது."

தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பித் தந்தார். விரலை வைக்கச் சொன்னார். நான்கு விரல், பெருவிரல், மற்றக் கை. மீன் வெட்டி வெட்டி என் விரல் ரேகை தேய்ந்து கிடக்கிறது. மெசின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டுத் திரும்ப. கிறீம் பூசித் திரும்ப. சுவரில் மணிக்கூடு பதினொன்றைத் தாண்டிப் போனது. என் கையை அவர் பிடித்து அமத்திக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்ல முடியும்? பிள்ளை நிற்கிறாள் என்று சொன்னேன். எல்லாருக்கும் பிள்ளை இருக்கிறது என்றார். அதுவும் சரி.

5

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய்ச் சேர பதினொன்று நாற்பது. வாசலில் இருந்த பெண் மேலே கூட்டிக்கொண்டு போனாள். வகுப்புக் கதவு பாதி திறந்திருந்தது.

ஆரணி பலகைக்கு முன்னால் நின்றாள். பின்னால் சுவரில் கல்லின் படம் வெளிச்சமாக விழுந்திருந்தது. கையில் ஒரு அடிமட்டம். எழுத்துக்கு எழுத்து அதை வைத்து, கோயிலில் தேவாரம் படிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். தமிழில்.

பிள்ளை எங்கேயோ படித்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் சொற்கள் காதில் விழுந்தன.

"செருப்பை வெளியிலை கழட்டு. கதவைப் பூட்டு. விளக்கை நிப்பாட்டு. எத்தினை தரம் சொல்லுறது. சோறு ஆறுது, வந்து சாப்பிடு. தலையை வாரி இழு. நாளைக்கு நேரத்தோடை எழும்பு. அப்பா படுத்திருக்கிறார், சத்தம் போடாதை."

எல்லாம் என் மனிசியின் வாய். ஒரு நாளும் தவறாமல் எங்கள் வீட்டில் கேட்கிறது. அதில் போனை வை என்பதும் ஒன்று. அதை மட்டும் விட்டுவிட்டாள். இத்தாலியப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும் என்று. விவரமான பிள்ளை.

முடித்துவிட்டு இத்தாலியனில் சொன்னாள். சீனத்துப் பேரரசர் தென்கரைக் கோயில் கடவுளுக்கு வணக்கம் சொல்லிப் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் அனுப்பியிருக்கிறார் என்று. அது சரி. அது உண்மை.

பிள்ளைகள் கை தட்டினார்கள். ரீச்சர் "பிராவா, பிராவா" என்றாள். வயது போன, நல்ல மனிசி. கண் கலங்கிப்போய் நின்றாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

"ஆரணியின் அப்பாவா? வாருங்கள். பிந்திவிட்டீர்கள், பரவாயில்லை, மகள் வாசித்துவிட்டாள். சரியாக வாசித்தாளா?"

இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. ஆரணி என்னைப் பார்க்கவில்லை. அடிமட்டத்தைப் பார்த்தாள்.

ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் தெரியாது என்று சொன்ன வாய்தான் இது.

"சி" என்றேன். "சரி."

"நீங்களும் ஒரு வரி வாசியுங்கள். கடைசி வரி."

அடிமட்டத்தை வாங்கினேன். கல்லின் அடியில் வைத்தேன். மகள் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி. வீட்டை வா, கதைப்பம்."

திரும்பவும் கை தட்டினார்கள். அந்த வகுப்பில் ஒரு ஆளின் முகம் மட்டும் சிவந்தது.

6

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். மூன்று தரிப்பிடம் போனது.

"கோவமோ அப்பா?"

"இல்லை."

"கோவம்தான்."

"ஏன் சொல்லேல்லை, அப்பா வரேல்லை, எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு?"

"சொன்னனான். ரீச்சர், அப்ப அடுத்த ஆள் வரட்டும் எண்டு சொன்னா. அடுத்தது ஒரு பெடியன். சிரிச்சான். அது உள்ளூர் மொழிதான், புத்தகம் சொல்லுறது சரி, உன்ரை அப்பாவுக்கும் தெரியாது எண்டான். அதுதான் நான் வாசிக்கிறன் எண்டு எழும்பினனான்."

"தமிழ் எண்டு சொன்னது சரி. வாசிச்சது பொய்."

"எனக்கு வேறை தமிழ் தெரியாது அப்பா."

நானும் அவளும் ஒரே நாளில் ஒரே வாயைத்தான் வைத்திருந்தோம். வாசிக்கிறேன் என்று முதலில் சொன்னது நான்.

வீட்டுக்குப் போனதும் மனிசி வாசலிலேயே நின்றாள். "செருப்பை வெளியிலை கழட்டு" என்றாள் மகளைப் பார்த்து. ஆரணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. கல்லின் மூன்றாவது எழுத்து என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது பலெர்மோவில் ஒரு வகுப்புப் பிள்ளைகள், சீன அரசன் தமிழருக்குச் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதிய ஓசையைக் கேட்டுக் கை தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியவர்களானாலும் சொல்வார்கள், நாங்கள் அதைக் கேட்டோம் என்று. ரீச்சர் அடுத்த வருட வகுப்புக்கும் எங்களைக் கூப்பிடப் போகிறாளாம். ஒரு துண்டு வந்திருக்கிறது. மேசையில் கிடக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

இனி உங்களிடம் கேட்கிறது. அந்தக் கல் கொழும்பில் மியூசியத்தில் நிற்கிறது. நான் கொழும்பைக் கண்டது விமானம் ஏறப் போன அன்று மட்டும்தான். உங்களில் ஆராவது அந்தப் பக்கம் போனால், கல்லெழுத்துத் தெரிந்த ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போய், முன்னால் நின்று, தமிழ்ப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரைக்கும் மெதுவாக வாசித்துப் போனில் பிடித்து அனுப்புங்கள். நாங்கள் இரண்டு பேரும் பாடமாக்குவோம். அவள் முதலில், பிறகு நான்.

அது வந்த பிறகுதான் அந்தத் துண்டில் கையெழுத்து வைப்பேன்.